ஓஃப் ஐயா ஓடவிடாத மெசின்

கடவுளை நம்பாதவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டிய மனைவியை நம்பாதவர்களோடு வேலையும் செய்திருக்கிறேன். ஆனால் சுவரில் இருக்கும் பிளக்கை நம்பாத மனிதர் என்று இந்த உலகம் கண்டது ஒருவரைத்தான். அவர் எங்கள் ஓஃப் ஐயா.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மலையகத்தில், டிக்கோயாவில் ஒரு தேயிலைக் கம்பனியின் அலுவலகத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். கொழும்புத் தலைமையகம் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைக் கம்பியூட்டர் பிரிவுக்கு அனுப்பி வைத்தது. பிரிவு என்றதும் பயந்துவிட வேண்டாம். அதன் தலைவரும் தொண்டரும் அவர் ஒருவரே. வந்த முதல் நாள், ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் சுவரோரமாகக் குந்தி, பிளக்குகளை ஒவ்வொன்றாக முறைத்துப் பார்த்தார். பிறகு "ஓஃப், ஓஃப்" என்றபடி படக் படக்கென்று அத்தனையையும் அணைத்தார். காலையிலிருந்து நாங்கள் தட்டிய வேலையெல்லாம் காற்றோடு போயிற்று. மாலைக்குள் அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்து, ஓஃப் ஐயா என்பதே நிலைத்துவிட்டது.

எங்கள் பக்கத்து மழையும் குளிரும் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். அந்தக் காலத்துக் கம்பியூட்டர்களுக்கு முதுகில் பெரிய கூன் இருக்கும். அதிலிருந்து நல்ல சூடு வரும். கம்பனி அவற்றைக் கணக்குப் பார்க்க வாங்கியது, நாங்கள் குளிர் காயப் பயன்படுத்தினோம். காலையில் வரும்போது அறை கதகதப்பாக இருக்க வேண்டுமே என்று இரவிலும் அணைப்பதில்லை. நனைந்த காலுறை, பியோனின் கம்பளிச் சட்டை எல்லாம் அதன்மேல்தான் காயும். ஸ்டோர் கீப்பர் சிவலிங்கம் பகல் சாப்பாட்டு ரொட்டியைத் துணியில் சுற்றி அங்கேதான் வைப்பார்.

ஓஃப் ஐயா ஒரு நாள் மூக்கை உறிஞ்சினார்.

"இதென்ன, கொம்பியூட்டருக்குள்ள இருந்து மாசிச் சம்பல் மணக்குது?"

"வைரஸா இருக்குங்க சார்," என்றார் சிவலிங்கம், கொஞ்சமும் கூசாமல்.

ஐயா துணியை அவிழ்த்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "வறட்சியில காசல்ரி அணைக்கட்டில தண்ணி வத்தி அடி தெரிஞ்சதை எல்லாரும் பாத்தனீங்கள்தானே? அந்தத் தண்ணியிலதான் கரண்ட் வருது. நீங்கள் அதில ரொட்டி சூடாக்கிறியள்!"

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்ததும், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கம்பியூட்டராகத் தொட்டுப் பார்ப்பார். "இது சூடாக் கிடக்கு. ஆர் இரவு விட்டிட்டுப் போனது?" நாங்கள் காய்ந்த காலுறைகளை மெதுவாக உருவிக்கொள்வோம்.

அவர் எங்களைச் சந்தேகித்தார். நாங்கள் வட்டியும் முதலுமாக அவரைச் சந்தேகித்தோம். பழுதான கம்பியூட்டர்களை எறியவிடாமல் தன் அறையில் அடுக்கினார், கண்டியில் விற்கப்போகிறார் என்றோம். வயரில் எதையோ மாட்டி அளந்தார், ஒட்டுக்கேட்கிறார் என்றோம். வெளிநாட்டில் எங்கள் தேயிலையை வாங்குகிறவர்கள், காட்டுக்கும் தண்ணீருக்கும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள், அதனால் மின்சாரத்தையும் கடதாசியையும் குறைக்கும் பொறுப்பைக் கம்பியூட்டர் பிரிவிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். அதைக் கேட்டு எங்கள் சந்தேகம் இரட்டிப்பானது.

"வெள்ளக்காரன் நம்ம காட்டப் பத்திக் கவலப்படுறானாம், நம்பிட்டோம்!" என்றார் சிவலிங்கம். "ஆளக் கொறைக்கத்தான் இவர அனுப்பியிருக்காங்க. இன்னைக்கு மெசின ஓஃப் பண்ணுவாரு, நாளைக்கு நம்மள ஓஃப் பண்ணுவாரு."

சிவலிங்கத்தின் வாய்க்குச் சர்க்கரை போட முடியாது. அவர் சொன்ன கெட்டது அப்படியே பலித்தது.

எங்கள் அலுவலகத்தில் அச்சு மெசினைப் பார்த்துக்கொண்டவர் பிலோமினா. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, படித்து, மேலே வந்த பெண். அப்பா காலொடிந்து வீட்டோடு கிடந்தார், தம்பிமார் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டின் அடுப்பு பிலோமினாவின் சம்பளத்தில்தான் எரிந்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் பறித்த கொழுந்தின் நிறையைத் தினமும் நாலு பிரதி அச்சடிப்பது அவருடைய வேலை. ஒன்று கொழும்புக்கு, ஒன்று எங்கள் மானேஜர் துரைக்கு, ஒன்று அலுமாரிக்கு. நாலாவது எங்கே போகிறது என்பது பரம இரகசியம்.

ஓஃப் ஐயா அதையும் கண்டுபிடித்தார். ஹட்டன் பஸ் நிலையத்தில் வடை வாங்கியவர், வடையை விட்டுவிட்டுச் சுற்றியிருந்த கடதாசியைப் படித்திருக்கிறார். மறுநாள் எண்ணெய் வழியும் கடதாசியோடு வந்து நின்றார்.

"உது எங்கட கொழுந்து நிறை. வடைக்கடைக்காரனுக்கு என்னத்துக்கு?"

எல்லோரும் சிவலிங்கத்தைப் பார்த்தோம். சிவலிங்கம் கூரையைப் பார்த்தார்.

அத்தோடு அச்சடிப்பது நின்றது. கணக்கெல்லாம் கம்பியூட்டரிலிருந்து டெலிபோன் வயர் வழியாகவே கொழும்புக்குப் போயிற்று. கொழும்பு பாராட்டியது. பாராட்டிய கையோடு, அச்சடிப்பதுதான் இல்லையே, அச்சடிக்கும் பெண் எதற்கு, மாத முடிவோடு நிறுத்திவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டது.

பிலோமினா அழவில்லை. நேரே ஓஃப் ஐயாவின் அறைக்குப் போனார். நாங்கள் கதவோரம் கூடிவிட்டோம்.

"பேப்பர மிச்சம் புடிங்க சார், நா வேணாங்கல. அதோட சேத்து என்னையும் மிச்சம் புடிச்சிட்டீங்களே. எங்க வீட்ல இனி என்னாத்த ஆக்குறது?"

ஓஃப் ஐயா கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். "நான் மெசினைத்தான் நிப்பாட்டச் சொன்னனான், பிள்ளை. ஆளை நிப்பாட்டச் சொல்லேல்லை," என்றார். அன்று மாலை குடையை எடுத்துக்கொண்டு போனார்.

"அடேய், அவரு ரூமுல லைட்டு எரியுதுப்பா!" என்று சிவலிங்கம் ஓடி வந்தார். "அணைக்காமப் போயிட்டாரு. மனுசனுக்கு என்னமோ ஆயிருச்சு."

அடுத்த வாரம் பழைய கம்பியூட்டர்கள் லொறியில் ஏறின. கடைசியில் விற்கத்தான் போகிறார் என்று நாங்கள் முடிவு கட்டினோம். லொறி போனதோ எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு. அங்கே மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறிகளால் காற்று அடித்து வாட்டுவார்கள். அந்த விசிறிகள் யாராவது நினைத்து நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரத்தில் பாதியை விழுங்குவது அவைதான். ஓஃப் ஐயா நாலு ஓட்டைக் கம்பியூட்டரைப் பிரித்து ஒன்றாக்கி, இலை போதிய அளவு வாடியதும் விசிறியை அதுவே நிறுத்தும்படி செய்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. பகலில் அரை மணிக்கு ஒரு தடவை ஒருவர் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் மெசின் கத்தும்.

துரைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "தானா நிக்கிற மெசினுக்கு ஆள் என்னத்துக்கு?"

"கட்டாயம் வேணும், சேர். சாமான் பழசு. நம்பேலாது. படிச்ச, பொறுமையான ஆள் வேணும்."

"அப்ப ஆள் இல்லாம விடுங்க. பாப்போம்," என்று துரை கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

அரை மணி ஆனதும் மெசின் கத்தியது பாருங்கள்! கீழே தேயிலை அரித்த பெண்கள் சுளகோடு வெளியே ஓடினார்கள். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீ மேக்கர், இலை உலர்த்தும் அடுப்பு வெடித்துவிட்டதென்று நினைத்துத் தேயிலை மூட்டைமேல் ஏறிவிட்டார். துரை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சரி, சரி! அந்தப் பிலோமினாவ இங்க போடுங்க!" என்று அலறினார். மின்சாரம் குறைந்ததைக் கண்டு கொழும்பும் மறுபேச்சுப் பேசவில்லை.

சில மாதம் கழிந்து ஒரு மழை நாளில், நானும் ஓஃப் ஐயாவும் தொழிற்சாலையிலிருந்து பஸ்ஸுக்கு நடந்து வந்தோம். அவரிடம் அன்று குடை இல்லை. என் குடைக்குள் இருவரும் ஒதுங்கிக்கொண்டோம். என்னை நெடுநாளாக அரித்த கேள்வியை மெதுவாகக் கேட்டேன்.

"சார், பகல்ல பொத்தான அமுக்கலன்னா மெசின் கத்துது. ராத்திரி முழுக்க யாருமே அமுக்குறதில்ல, பேசாம ஓடுதே. அப்ப அது ஆள் இல்லாமயே ஓடும்தானுங்களே?"

ஓஃப் ஐயா முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். தேயிலைச் செடிகளைத் தவிர யாரும் இல்லை.

"ஓடும்," என்றார். "நான் விடமாட்டன்."

அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. குடையை அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். அவர் அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.