முடிச்சு சாரின் இடது கால்

முடிச்சாளர் என்றொரு இனம் உண்டு. கொம்பு கிடையாது, வால் கிடையாது, சட்டை பேண்ட் போட்டுக்கொண்டு நம்மைப் போலவேதான் இருக்கும். இருட்டான தியேட்டரில், கதாநாயகி அழ, நாமும் கைக்குட்டையைத் தேடுகிற சரியான நேரத்தில், பக்கத்து இருக்கையிலிருந்து, "அந்த மாடிப்படி இருக்கு பாருங்க, அதே படியிலதான் வேற ஒரு படத்துல வில்லன் உருண்டு விழுவான்" என்று ஒரு குரல் வந்தால், அதுதான். திரும்பிப் பார்த்துவிடாதீர்கள். பார்த்தால், அந்த வில்லனின் சகலை எந்தப் படத்துக்குப் பாட்டு எழுதினார் என்பது வரைக்கும் தெரிந்துகொண்டுதான் வீடு திரும்புவீர்கள்.

இவர்களுக்கு சினிமா பிடிக்காதா? உயிர். டைட்டில் ஓடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். கதை ஆரம்பித்ததும் கொஞ்சம் இளைப்பாறுவார்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் கூட, இறந்தவரின் படத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த மூக்கை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்று தொடங்கி, பழைய படமொன்றில் தபால்காரராக ஒரே ஒரு காட்சியில் வந்து போனவரைப் பிடித்து, அவர் வழியாக ஓர் எடிட்டரைப் பிடித்து, எடிட்டர் வழியாக அழுதுகொண்டிருக்கும் வீட்டுக்காரரிடமே வந்து சேர்வார்கள். ஒரு மொட்டைத் தலை கிடைத்தால் போதும், முழங்காலை அவர்களே தேடிக்கொள்வார்கள்.

உதாரணத்துக்கு ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறேன். தொழில், மூக்குக் கண்ணாடிக் கடை. குடியிருப்பது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காவது மாடி. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் முடிச்சு சார்.

கடையில் கண் பரிசோதனை நடப்பதைப் பாருங்கள். பச்சைக் குடையும் கையுமாக ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்து, சுவரில் இருக்கும் எழுத்துகளைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறார். முடிச்சு சாரின் காதில் விழுவது எழுத்துகள் அல்ல, ஒரு நடன இயக்குநரின் தலைப்பெழுத்துகள். "நீங்க எடுத்து வச்சிருக்கீங்களே, இதே பிரேம்தான் ஒரு கோர்ட்டு சீன்ல ஜட்ஜ் போட்டிருப்பாரு. அந்த ஜட்ஜுக்குக் குரல் கொடுத்தவரு யாருன்னு நினைக்கிறீங்க?" அந்த அம்மாள் தெரிந்துகொள்ள வந்தது பவர் ஏறியிருக்கிறதா, இல்லையா என்பது மட்டும்தான். அதைக் கடைசி வரை சொல்லாமலே அனுப்பிவிட்டு, மறுநாள் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். போனில் அந்த ஜட்ஜைப் பற்றி விட்டுப்போன ஒரு தகவலையும் சொன்னார்.

வீட்டில் அவருக்கு மனைவி ஒருவர் உண்டு. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொடுக்கும் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், தெரியுமல்லவா? நாள் முழுக்க அதை மிதித்து மிதித்து அந்த அம்மாவின் வலது காலுக்கு அதுவே குணமாகிவிட்டது. சோபாவில் உட்கார்ந்தாலும், கணவர் வாயைத் திறந்தால் கால் தானாகத் தரையை மிதிக்கும். என்ன பயன்? சோபாவில் பிரேக் இல்லையே.

கல்யாணமான நாள் முதல் டி.வி. முன்னால் ஒரே கதைதான். பழைய படம் ஓடும். அந்த அம்மா ஆசையாக, "இந்த வீடு அந்த..." என்பார். "ஆமா, அந்தப் பேய்ப் படத்துல வருமே, அதே வீடுதான், ஜன்னலுக்கு மட்டும் வேற பெயிண்ட்" என்று அவர் முடித்துவிடுவார். "இந்தப் பொண்ணு..." என்பார். "தங்கச்சியா நடிச்சவதான்." ஒரு வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் சுகம் அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் வாய்த்தது. அந்த அம்மா சண்டை போடவில்லை. ஆனால் மனசுக்குள் அது ஒரு குறையாகவே இருந்தது.

கட்டடத்தின் பொது ஹாலில் ஆண்டுக்கொரு முறை சினிமா வினாடி வினா நடக்கும். ஜோடி ஜோடியாகக் கலந்துகொள்ள வேண்டும். முடிச்சு சாருக்கு வழக்கமாக மைத்துனர்தான் ஜோடி. இந்தத் தடவை அந்த மைத்துனர், "மாமா, போன வருஷப் போட்டி பூரா நான் தண்ணி பாட்டிலைத் திறந்து மூடிட்டுதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது மாடிப் பல் டாக்டரோடு சேர்ந்துகொண்டார். கட்டடம் முழுக்க ஏறி இறங்கியும் வேறு ஜோடி அகப்படவில்லை. கடைசியில் முடிச்சு சார் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"வரேன்," என்றார் மனைவி. "ஒரே ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லுவேன். மொதல்லருந்து கடைசி வரைக்கும் நானே சொல்லணும். நடுவுல நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"இவ்வளவுதானே."

"திறந்தீங்கன்னா, அப்புறம் உங்க பக்கத்துல உக்காந்து ஒரு படம் பார்க்க மாட்டேன். உங்க லிங்க்கையெல்லாம் பிரிட்ஜுகிட்ட சொல்லிக்குங்க."

முடிச்சாளருக்குச் சோறு இல்லாவிட்டாலும் ஓடும். கேட்க ஒரு காது இல்லாவிட்டால் ஓடாது. மைத்துனரின் காது போய்விட்டது. கடைக்கு வருகிறவர்களின் காது ஒரு தடவைக்கு மேல் கிடைப்பதில்லை. மிச்சம் இருந்தது இந்த ஒரு ஜோடிதான். தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

போட்டி நாளன்று நல்ல மழை. ஹால் வாசலில் ஈரக் குடைகள் குவிந்து கிடந்தன. அதில் ஒரு பச்சைக் குடையும் இருந்தது. முடிச்சு சாருக்கு இடப்பக்கம் மனைவி உட்கார்ந்தார். மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால், இவருடைய இடது காலின் மேல் பதமாக அமர்ந்தது.

கட்டடச் சங்கத்தின் செயலாளர்தான் கேள்வி கேட்பவர். அவர் குனிந்து லேப்டாப்பில் வயரைச் செருகினார். திரையில் ஓர் அருவி வந்தது, ஒரு குப்பைத்தொட்டி வந்தது, நாலைந்து மஞ்சள் கோப்புகள் வந்தன. அவ்வளவுதான், பஸ்ஸர் அலறியது.

"கோப்பைக் குப்பைத்தொட்டியில போட்டுட்டு ஹீரோ அருவிக்குப் போயிடுவான்," என்றார் முடிச்சு சார், ஒரே மூச்சில். "கிளைமாக்ஸ். டைரக்டரோட ரெண்டாவது படம்."

செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். "சார், நான் இன்னும் கேள்வியே போடல. இது என்னோட கம்ப்யூட்டர்."

ஹால் கொல்லென்று சிரித்தது. இடது காலின் மேல் பிரேக் விழுந்தது, தாமதமாக. பல் டாக்டர் எழுந்து, பஸ்ஸரை அழுத்திச் சொன்னது தவறான பதில், மதிப்பெண் கழிக்க வேண்டும் என்றார். கேள்வியே இல்லாதபோது பதில் எப்படித் தவறாகும் என்றார் முடிச்சு சார். அப்படி ஒரு படம் உண்மையிலேயே இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சாட்சி சொன்னார். செயலாளர் இருபக்கமும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் கழித்துவிட்டார். போட்டி தொடங்கும் முன்பே பூஜ்யத்துக்குக் கீழே போன ஒரே அணி என்ற பெருமை இவர்களுக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு மனிதர் விட்டாரா? ஒட்டு மீசையைக் காட்டினால் நடிகரைச் சொன்னார், விசில் சத்தத்தைப் போட்டால் பாட்டைச் சொன்னார், ஒரு தொலைபேசியைக் காட்டினால் அது எந்தெந்தப் படங்களில் எந்தெந்தப் பணக்கார அப்பாவின் மேஜையில் இருந்தது என்று வரிசையாக ஒப்பித்தார். கடைசிக் கேள்விக்கு வரும்போது பல் டாக்டர் அணியும் இவர்களும் சமம்.

கடைசி, தொடர்புச் சுற்று. நாலு படங்கள் ஒவ்வொன்றாக வரும். நாலுக்கும் என்ன ஒற்றுமை என்று சொல்ல வேண்டும். "இது என்னோடது," என்றார் மனைவி மெல்லிய குரலில். முடிச்சு சாரின் கையிலிருந்து பஸ்ஸர் இடம் மாறியது.

முதல் படம்: திறந்த காரில் ஒரு கதாநாயகி, கூந்தல் பறக்க ஓட்டிப் போகிறாள். முடிச்சு சாருக்குள் எல்லா விளக்குகளும் எரிந்தன. இவளுடைய அக்கா ஒரு பாட்டுக்கு ஆடியிருக்கிறாள், அந்தப் பாட்டின் இசையமைப்பாளரின் மருமகன்... இரண்டாவது படம்: வேறொரு திறந்த கார், பாடிக்கொண்டே ஓட்டும் ஒரு கதாநாயகன். ஆஹா, அந்த மருமகன் தயாரித்த படமேதான். விடை வந்துவிட்டது. தொண்டை வரை வந்துவிட்டது.

பஸ்ஸர் அடித்தது. அடித்தவர் மனைவி.

"இந்தப் பொண்ணு வண்டி ஓட்டுறா," என்று அவர் தொடங்கினார், புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவரிடம் பேசுகிற நிதானத்தில். "ஆனா ஹேண்ட்பிரேக்கைப் பாருங்க. மேல தூக்கியிருக்கு. ரெண்டாவது படத்துல பாடுறவரும் அப்படித்தான். ஹேண்ட்பிரேக் போட்ட வண்டியில எப்படிங்க முடி இவ்வளவு பறக்கும்? அப்போ வண்டியை ஒரு ரூமுக்குள்ள நிறுத்தி, ஒரு பக்கம் ஃபேனை வச்சு, பின்னாடி திரையில ரோட்டை ஓட்டுறாங்க. அதுக்கு என்னமோ ஒரு பேர் சொல்லுவாங்க..."

நிறுத்தினார். யோசித்தார்.

வாசகர்களே, அந்தப் பேர் முடிச்சு சாருக்குத் தெரியும். தமிழிலும் தெரியும், இங்கிலீஷிலும் தெரியும். அதைத் திறமையாகச் செய்த கேமராமேனைத் தெரியும், கேமராமேனின் தம்பி வைத்திருந்த ஸ்டூடியோவைத் தெரியும். இசையமைப்பாளரின் மருமகன் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டார். வாய் திறந்துகொண்டே வந்தது. காலை மிதித்துவிடுவாள் என்று நம்பிக் காத்திருந்தார். மிதி விழவில்லை. இடது காலின் மேல் இருந்த பாரமே இல்லை. அந்த அம்மா பதில் சொல்லும் குஷியில் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக பிரேக் இவர் பக்கத்தில் மட்டும் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றினார். காதில் மாட்டும் கம்பியை வாய்க்குள் திணித்துக் கடித்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. மைத்துனர் பயந்துபோய் தண்ணி பாட்டிலைத் திறந்தார். பல் டாக்டர் தொழில் முறையில் கவலைப்பட்டார்.

"பேர் எதுக்கு," என்றார் மனைவி. "வண்டி நிக்குது, மரம் ஓடுது. இனிமே வரப்போற ரெண்டையும் சேத்து நாலு படத்துலயும் அதுதான்."

கம்பி முறிந்தது.

"சரியான பதில்," என்றார் செயலாளர்.

ஹால் கைதட்டியது. அந்த அம்மா கைதட்டலைப் பார்க்கவில்லை. தான் வைத்த முற்றுப்புள்ளியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்ததைக் கணவர் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் அவருக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

லிப்ட் வேலை செய்யவில்லை. படியேறினார்கள். முதல் மாடி வரை முடிச்சு சார் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். இரண்டாவது மாடியில், யாரோ விரித்து உலர்த்தியிருந்த பச்சைக் குடையைச் சுற்றிக்கொண்டு போகும்போது, தாங்கவில்லை.

"இப்ப சொல்லலாமா?"

"இன்னும் சொல்லாம இருக்கீங்களா," என்றார் மனைவி. "சொல்லுங்க, வெடிச்சிடப் போறீங்க."

சொன்னார். பேரைச் சொன்னார், கேமராமேனைச் சொன்னார், தம்பியின் ஸ்டூடியோவைச் சொன்னார். மருமகனையும் விடவில்லை. நான்காவது மாடியில் சாவியைத் தேடும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா 'உம்' கொட்டிக்கொண்டே வந்தார்.

இந்த இனத்தைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள் என்று சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பச்சைக் குடை கடையில் வந்தது, ஹால் வாசலில் வந்தது, மாடிப்படியிலும் வந்தது. அது ஒரே குடையா? கடைக்கு வந்த அம்மாள் பல் டாக்டருக்கு என்ன உறவு?

ஓர் உறவும் கிடையாது. மழைக்காலம், ஊரெல்லாம் குடை. ஆனால் நீங்கள் இப்போது கதையில் மேலே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தீர்கள், இல்லையா? வீட்டில் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லவும் வாய் திறந்திருக்குமே. முதலில் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமான இடத்தில் வையுங்கள்.