அருமண் துறை தனக்கே அனுப்பிய நோட்டீஸ்

செல்போன் முதல் ஏவுகணை வரை தேவைப்படும் அரிய உலோகங்களான அருமண் தனிமங்களுக்கென்று இருந்த துறைக்கு ஒரே ஒரு வேலைதான். எந்த மேட்டின் அடியில் அருமண் இருக்கிறதோ, அந்த மேட்டின் மேல் இருப்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும். அருமண்ணைத் தோண்டி எடுப்பது வேறொரு துறையின் பொறுப்பு. அந்தத் துறை இன்னும் ஏற்படுத்தப்படவில்லை. ஆகவே காலி செய்யப்பட்ட மேடுகளெல்லாம், ஆடு மேயக்கூட விடாமல் வேலி போடப்பட்டு, நாட்டின் எதிர்காலத்துக்காகக் காத்துக்கிடந்தன.

துறையின் அலுவலகமும் ஊழியர் குடியிருப்பும் நகரத்துக்கு நடுவே ஒரு சிறிய மேட்டில் இருந்தன. அங்கே மண்ணைச் சோதிக்கும் வேலையில் இருந்த பெண்மணியை எல்லோரும் பாறையம்மா என்று அழைத்தார்கள். அவர் கொடுத்த சான்றிதழின் பேரில் பல ஊர்கள் காலியாகியிருந்தன. அவர் நல்லவர். யாரிடமும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு நாள் அலுவலகக் கழிவறைத் தொட்டி நிரம்பி வழிந்தது. புதுத் தொட்டிக்காகப் பின்புறம் குழி வெட்டினார்கள். கை கழுவப் போன பாறையம்மா குழியை எட்டிப் பார்த்தார். மேலே செம்மண். அதற்குக் கீழே வெளிறிய களிமண். அதற்கும் கீழே, பார்வைக்குக் கருங்கல் போலவும் தொட்டால் ரொட்டித்தூள் போலவும் உதிர்கிற ஏதோ ஒன்று. பழக்கதோஷத்தில் ஒரு டப்பாவில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போய்ச் சோதித்தார். சோதித்து முடித்தபின், சோதிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மாலையில் கணவரிடம் சொன்னார்.

"பேசாம குழியை மூடச் சொல்லிடு," என்றார் கணவர்.

"எப்படிங்க? முடிவு கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே."

"பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்துல இருக்கு. குழாயில ரெண்டு வேளையும் தண்ணி வருது. இதெல்லாம் உனக்கு உறுத்துதா?"

"துறை நல்லது கெட்டது பார்த்துத்தாங்க செய்யும்."

"உங்க துறையா?" என்று கேட்டுவிட்டு, கணவர் அப்போதே அட்டைப்பெட்டி தேடப் போய்விட்டார்.

மறுநாள் இயக்குநர் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"அருமண் நம்ம கழிவறைக்குப் பின்னாடி எப்படிம்மா வந்தது?"

"அது வரல சார், இங்கேயேதான் இருந்தது. கருங்கல்லுக்குள்ள இந்தத் தனிமங்கள் பொடிப்பொடியா கலந்திருக்கும். மழைத்தண்ணி லட்சக்கணக்கான வருஷம் ஊறி ஊறிக் கல்லு மக்கிக் களிமண்ணாகிடும். அப்போ இதெல்லாம் கல்லை விட்டு வெளியே வந்து, தண்ணியோட கீழே இறங்கி, களிமண் மேல ஒட்டிக்கும்."

"அதுக்கு யாராவது ஏதாவது செய்யணுமா?"

"ஒண்ணும் செய்யக்கூடாது சார். மண் அரிச்சுக்கிட்டுப் போகாம, யாரும் கிளறாம, அப்படியே கிடந்தா போதும்."

"அப்ப நம்ம அலுவலகத்துல உருவானதுல ஆச்சரியமில்ல." இயக்குநர் முகத்தில் ஒரு பெருமிதம் வந்துபோனது. "ரொம்ப கெட்டியா ஒட்டியிருக்குமா?"

"இல்ல சார், சும்மா தொத்திக்கிட்டிருக்கும். உப்புக் கரைசல் ஊத்தினா, உப்பு வந்து அந்த இடத்துல உட்காரும். இது எழுந்து வந்துடும்."

"இடமாறுதல்!" என்றார் இயக்குநர். அறிவியலை அவர் அவ்வளவு விரைவாகப் புரிந்துகொண்டது அதுவே முதல் முறை.

"சார், நமக்கு மட்டும் ஏதாவது விதிவிலக்கு..."

இயக்குநர் வேதனையோடு தலையசைத்தார். "விதியில 'எவராயினும்'னு இருக்கும்மா. ஒரு ஊர்க்காரங்க கோயிலைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தாங்க. அப்போ அந்தச் சொல்லைச் சேர்த்ததே நான்தான்."

அன்றே நோட்டீஸ் தயாரானது. 'மேற்படி மேட்டில் அத்துமீறிக் குடியிருந்துவரும் தாங்கள்' என்று தொடங்கிய அதை இயக்குநர் கையெழுத்திட்டு அனுப்பினார். பிற்பகல் தபாலில் அது அவருக்கே வந்தது. 'அத்துமீறி' என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது. இவ்வளவு மரியாதை கெட்டத்தனமாக எழுதியவன் யார் என்று கீழே பார்த்தார்.

பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடந்தது. மேடையில் தலைமை நாற்காலியில் இயக்குநர் உட்கார்ந்தார். ஆட்சேபம் தெரிவிக்கும் துணிச்சல் ஊழியர் யாருக்கும் இல்லாததால், அவரே கீழே இறங்கி வந்து மைக்கைப் பிடித்தார்.

"ஐயா, என் பிள்ளைங்க இந்த மேட்டுலதான் பிறந்தாங்க. முற்றத்துல நான் வெச்ச வேப்பமரம் நிக்குது. எங்களை எங்கே போகச் சொல்றீங்க?"

ஊழியர்கள் மூக்கைச் சிந்தினார்கள். அவர் மேடையேறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுதாரரின் உணர்வுகள் பதிவு செய்யப்பட்டன. அடுத்தவர்," என்றார்.

மறுபடி இறங்கினார். "நான் இன்னும் முடிக்கலைங்க!"

ஏறினார். "ஒருவருக்கு ஒரு வாய்ப்புதான்."

இறங்கினார். "இது அநியாயம்! கேக்கிற மாதிரி நடிக்கத்தான் கூப்பிட்டீங்களா?"

ஏறினார். மேல்மூச்சு வாங்கியது. "காவலாளி, இவரை வெளியே அழைத்துச் செல்லவும்."

காவலாளி சற்று யோசித்தார். பிறகு மேடையேறி, இயக்குநரின் முழங்கையை மரியாதையாகப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே ஆட்சேபம் தெரிவிக்க ஒருவரும் இல்லாததால், மேட்டைக் காலி செய்ய அனைவரும் சம்மதித்ததாகக் குறிப்பு எழுதப்பட்டது.

துறை வழக்கமாக அளிக்கும் மாற்று இடமே துறைக்கும் அளிக்கப்பட்டது. நகரத்துக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால் இருந்தது அது. கோப்புகளில் அதன் பெயர் 'அனைத்து வசதிகளும் கொண்ட முன்மாதிரிக் குடியிருப்பு'. இயக்குநர் அதைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறார். பார்த்ததில்லை.

லாரியிலிருந்து சாமான் இறக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. முன்பே அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் தகரக் கூரைகளின் கீழிருந்து வேடிக்கை பார்த்தார்கள். டீக்கடை வைத்திருந்த ஓர் அம்மாவிடம் இயக்குநர் கேட்டார்: "தண்ணிக்குழாய் எங்கேம்மா?"

"வரும்னு நீங்கதானே சொன்னீங்க."

"பள்ளிக்கூடம்?"

"அதையும் நீங்கதான் சொன்னீங்க."

பாறையம்மாவின் மகள் நனைந்த புத்தகப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றாள். கணவர் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து அவளுக்குக் குடையாகப் பிடித்தார்.

பாறையம்மா செருப்பில் அப்பிய சேற்றைக் குச்சியால் வழித்தார். செக்கச்செவேலென்றிருந்தது. அடியில் வெளிறிய களிமண் பிசுபிசுத்தது. அதை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இயக்குநர் அதைக் கவனித்தார். அவர் கவனிப்பதை ஊழியர்கள் கவனித்தார்கள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"என்னம்மா அது?" என்றார் இயக்குநர்.

பாறையம்மா மகளைப் பார்த்தார்.

"சாதாரண மண்ணு சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார். செடிகூட வராது."

ஊழியர்கள் பெருமூச்சு விட்டார்கள். டீக்கடை அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தார்.

"ஏம்மா, எங்க ஊருக்கும் நீங்கதானே வந்தீங்க? இதே மாதிரிதானே தேய்ச்சுப் பார்த்தீங்க? அன்னைக்கு ஏம்மா அது சாதாரண மண்ணாத் தெரியல?"

பாறையம்மா விரல்களைப் புடவையில் துடைத்தார், சிவப்பு போகவில்லை.

டீக்கடை அம்மா கோபத்தைத் தணித்துக்கொண்டார்.

"சரி, போனது போகட்டும். இது சாதாரண மண்ணுன்னே எழுதிடுங்க. ஆனா அதோ தெரியுதே எதிர்மேடு, அங்கே மண்ணு ரொம்ப நல்லா இருக்கும்னு தோணுது. தண்ணி லாரி வந்தா முதல்ல மறிச்சுப் பிடிச்சுக்கிறது அங்கே இருக்கிறவங்கதான்."

தகரக் கூரைகளின் கீழிருந்து கைதட்டல் எழுந்தது. ஊழியர்களும் தட்டினார்கள். அந்தக் குடியிருப்பில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான்.

காலையில் துறையின் ஜீப் எதிர்மேட்டை நோக்கிக் கிளம்பியது. வழி காட்டுவதற்காக டீக்கடை அம்மா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் டப்பாவோடு பாறையம்மா பின்னால் ஏறிக்கொண்டார்.