ஆடிக்கு முன்பே அமெரிக்கா

"ஜனவரிங்களா?" என்று பாலுசாமி மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"ஜனவரிதானுங்க," என்றார் பெனடிக்ட், மூன்றாவது தடவையும் குரல் மாறாமல்.

மேஜைமேல் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபேக்ஸ் தாள் சுருண்டு கிடந்தது. அந்தத் தனியார் கல்லூரியின் வெளிநாட்டுப் பிரிவுக்கு அதிகாரி, குமாஸ்தா, டைப்பிஸ்ட் எல்லாமே பெனடிக்ட் ஒருவர்தான். பாலுசாமி கோயமுத்தூர் கணபதியில் கிரைண்டர் கம்பெனி நடத்துகிறவர். ஒரு கிரைண்டரைப் பிரித்துப் போட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பப் பூட்டிவிடுவார். மகன் தீபக் படிக்கிற படிப்பைத்தான் ஒரு வருடமாகியும் அவரால் பூட்ட முடியவில்லை.

அது இரண்டு கல்லூரிகள் கூட்டுச் சேர்ந்து நடத்தும் படிப்பு. நாலு வருடப் பட்டத்தை மூன்றே வருடத்தில் வாங்கிவிடலாம். முதல் வருடம் கோயமுத்தூரில், மீதி இரண்டு வருடம் அமெரிக்காவில். டிக்கெட், விசா எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும் என்று வழவழப்பான தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"ஏனுங்க, ஆகஸ்ட்டுன்னுதானுங்களே சொன்னீங்க?"

"ஆகஸ்ட்டுதானுங்க. ஆனா ஒரு பாடத்தோட மார்க்கை அமெரிக்காவுல அவிய ஒத்துக்கலீங்க. அதை இன்னொருக்கா படிச்சுப்போட்டு ஜனவரியில வரச் சொல்றாங்க."

"இங்க படிச்சது அங்க செல்லாதுங்களா?"

"அங்க இருக்கற பாடத்தை இங்க படிச்சாச் செல்லுமுங்க. இங்க இருக்கற பாடத்தை இங்க படிச்சாத்தான் அங்க செல்லாதுங்க."

பாலுசாமி இதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். எங்கேயோ ஒரு நட்டு கழன்று விழுந்தது.

"ஒரு வருசம் மிச்சமாகும்னீங்களே?"

"ஆகுமுங்க. அந்த மிச்சத்துலதானுங்க இந்த ஆறு மாசம் போகுது."

வேறு யாராக இருந்தாலும் மகனை வீட்டில் வைத்துக்கொண்டு ஜனவரி வரை காத்திருப்பார்கள். பாலுசாமியால் அது முடியாது. தீபக் பதினைந்து நாளைக்கு முன்பே அமெரிக்காவுக்குப் புறப்பட்டாகிவிட்டது.

எல்லாம் ஜோசியர் செய்த வேலை. விமானம் ஆகஸ்ட் பத்தாம் தேதி. அது ஆடி மாதத்தில் வருகிறது. ஆடியில் பிள்ளை வீட்டுப்படி தாண்டிப் பிரயாணம் போகக் கூடாது. "ஆனி முடியறதுக்குள்ள பையனைக் கிளப்பிப்போடுங்க. பிளேன் ஏறற வரைக்கும் வேற ஒரு ஊட்ல இருக்கட்டும். ஆனா கிளம்புனவன் போற ஊருக்குப் போகாம திரும்பி உங்க ஊட்டுப்படியை மிதிக்கக் கூடாது. மிதிச்சா போற காரியம் கெட்டுப் போயிருமுங்க," என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆகவே ஆனி கடைசி வெள்ளிக்கிழமை எண்ணூறு பேருக்கு விருந்து நடந்தது. ஆரத்தி எடுத்தார்கள், மாலை போட்டார்கள், வாடகை அம்பாசடர் மேல் இரண்டு பெட்டிகளைக் கட்டினார்கள். ஊரே கையசைத்தது. கார் நேராக அதே கோயமுத்தூரில் இருக்கும் சிங்காநல்லூருக்குப் போய், பாலுசாமியின் சிநேகிதர் ஐயாசாமி வீட்டு வாசலில் நின்றது.

அப்பளம் நொறுக்கிக்கொண்டிருக்கும் எண்ணூறு பேரிடம் பையன் சிங்காநல்லூருக்குத்தான் போகிறான் என்று எந்த மனுஷனால் சொல்ல முடியும்? பிளேனுக்குப் போகிறான் என்றே பாலுசாமி சொல்லிவைத்தார்.

அந்த எண்ணூறு பேரில் கதிர்வேலும் ஒருவர். பொள்ளாச்சியில் கொப்பரை மண்டி வைத்திருக்கிறார். பாலுசாமியின் மகள் மோகனப்பிரியாவை அவருடைய இளைய மகனுக்குப் பேசி முடித்திருந்தது. ஆவணியில் நிச்சயதார்த்தம். கதிர்வேலின் மூத்த மகன் மருதாசலம் இதே கல்லூரியில் இதே படிப்பில் சேர்ந்து, இரண்டு வருடத்துக்கு முன்பே அமெரிக்கா போனவன்.

"உங்க ஊட்ல ஒரு அமெரிக்கா, எங்க ஊட்ல ஒரு அமெரிக்கா. சரிக்குச் சரியாப் போச்சுங்க. வேற என்னங்க வேணும்?" என்று சொல்லித்தான் கதிர்வேல் சம்மதித்தார்.

மோகனப்பிரியாவுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. நிச்சயப் புடவையை எடுத்து வந்து, தினம் இரண்டு தடவை பிரித்துப் பார்த்து மடித்து வைக்கிறாள். சரிக்குச் சரியில் ஒரு பக்கம் சிங்காநல்லூரில் தோசை தின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் புடவை என்ன ஆவது?

வீட்டுக்கு வந்து மனைவி சாமியாத்தாளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"பேசாம அவனை ஊட்டுக்கே கூட்டியாந்தரலாமா புள்ள?"

"நல்லாச் சொன்னீங்க போங்க. படியை மிதிச்சான்னா ஜனவரியும் போயிரும், நிச்சயமும் போயிரும். அங்கயே கெடக்கட்டும்."

அதே நேரத்தில் போன் அடித்தது. கதிர்வேல்தான்.

"ஏனுங்க, பையன் நல்லபடியாப் போய்ச் சேந்துட்டானுங்களா?"

"சேந்துட்டானுங்க," என்றார் பாலுசாமி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரே குளிருன்னு சொல்றானுங்க," என்றும் சேர்த்துவிட்டார்.

"ஆமாமுங்க. எங்க மருதாசலமும் பனி கொட்டுதுன்னுதான் சொல்றான்."

பாலுசாமிக்கு மூச்சு வந்தது. ஆனால் சாமியாத்தாளுக்கு அது போதவில்லை. சம்பந்தி நம்பும்படியாக இன்னும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று ரிசீவரைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அண்ணா, எங்க தீபக்கு உங்க மருதாசலத்தைப் போய்ப் பாத்தானாமுங்க. நான் குடுத்துவிட்ட கொள்ளுப்பொடியில பாதியை அவனுக்குக் குடுத்தானாமுங்க."

"அப்படீங்களா? கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க," என்று கதிர்வேல் போனை வைத்தார்.

பாலுசாமி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அமெரிக்காவுக்கு ஒரு போன் போட்டால் பொய் உடைந்துவிடுமே என்று அன்றைக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கதிர்வேல் கூப்பிட்டார். "கேட்டனுங்க. ஆமாங்கறான். கொள்ளுப்பொடி அம்புட்டு ருசியா இருந்துச்சாமுங்க. அத்தைகிட்டச் சொல்லச் சொன்னான்."

பாலுசாமி ரிசீவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தவர் சிங்காநல்லூரில்தான் நிறுத்தினார்.

தீபக் ஐயாசாமி வீட்டு முன்னறையில் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு, நீ இங்கதான இருக்கற?"

"என்னங்கப்பா கேக்கறீங்க?"

"எங்கயும் போவலையில்ல?"

"நீங்கதான எங்கயும் போகக்கூடாதுன்னீங்க."

பெட்டியைத் திறந்து பார்த்தார். கொள்ளுப்பொடி டப்பா மூடி பிரிக்காமல் இருந்தது. பிரிக்காத டப்பாவிலிருந்து ஒரு பையன் அமெரிக்காவில் பொடி தின்று ருசியும் சொல்லியிருக்கிறான். படிப்புதான் புரியவில்லை என்றால் பொடியும் புரியவில்லையே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"கதிர்வேல் மரியாதை தெரிஞ்ச மனுசன். சம்பந்தியம்மா சொன்னதை இல்லைன்னு எப்பிடிச் சொல்லுவாரு? அதான் ஆமான்னு சொல்லியிருக்கறாரு," என்று ஐயாசாமி விளக்கினார்.

"அப்ப நாம சொன்னது பொய்யின்னு அவருக்குத் தெரியுமுங்களா?"

"தெரிஞ்சுதான் ஆழம் பாக்கறாரோ என்னமோ."

அதற்குமேல் பாலுசாமியால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. கதிர்வேல் ஆள் விட்டுத் தேடுகிறார் என்றே முடிவு கட்டினார். தீபக்கோ வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க மாட்டேன் என்கிறான். கடைசியில் ஐயாசாமிதான் யோசனை சொன்னார்.

"மொட்டை அடிச்சு மீசையையும் எடுத்துப் போட்டா பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாதுங்க."

தீபக் எவ்வளவோ கெஞ்சினான். நடக்கவில்லை. மறுநாள் காலையில் தலையும் முகமும் வழவழவென்று தேங்காயாட்டம் வந்து நின்றான். பாலுசாமிக்கே ஒரு கணம் யாரோ என்றுதான் இருந்தது. அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு கணபதியில் பாலுசாமி வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சட்டையில்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாலுசாமி எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

கதிர்வேல் நின்றுகொண்டிருந்தார். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. கண் கலங்கியிருந்தது. பாலுசாமியைக் கண்டதும் அந்தக் கண் அகலமாக விரிந்தது.

"வாங்க, வாங்க," என்றார் பாலுசாமி.

"வாரனுங்க," என்றார் கதிர்வேல். ஆனால் வரவில்லை. மாலையைப் பார்த்தார், பாலுசாமியைப் பார்த்தார், திரும்ப மாலையைப் பார்த்தார். கொண்டுவந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் அதைப் பாலுசாமியின் கழுத்திலேயே போட்டுவிட்டார்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"சும்மாத்தானுங்க. சம்பந்திக்கு ஒரு மரியாதை."

வெறும் உடம்பில் மாலையோடு பாலுசாமி சோபாவில் உட்கார்ந்தார். சாமியாத்தாள் காபி கொண்டுவந்தாள். அவள் நெற்றியில் குங்குமம் இருப்பதைக் கதிர்வேல் இரண்டு தடவை உற்றுப் பார்த்துக்கொண்டார். பாதிக் காபி இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நம்ம மண்டி ஆளு ஒருத்தன் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்புல உங்க தீபக்கைப் பாத்தேன்னு வந்து சொன்னானுங்க. தலையில முடியில்ல, மீசையுமில்லையாமா. பையன் மீசையை எடுத்துப்போட்டு நிக்கறான்னா, அமெரிக்காவுல இருந்து விழுந்தடிச்சு வந்திருக்கறான்னா, பெத்தவருக்கு என்னமோ ஆயிப் போச்சுன்னு..."

தன் சாவுக்கு வந்த மாலை தன் கழுத்தில் கிடக்கிறது என்பது பாலுசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டார்.

"அமெரிக்காவுல இருக்கற பையன் சிங்காநல்லூர்ல எப்பிடிங்க நிப்பான்?"

"அதானுங்க," என்றார் கதிர்வேல் அவசரமாக. "நானும் அவனைத் திட்டிப்போட்டுத்தான் வந்தேன். அமெரிக்காவுல இருக்கறவன் அமெரிக்காவுலதான் இருப்பான். அதைப் போயி நோண்டறது நல்லாவா இருக்குது? நான் வாரனுங்க."

மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. மீதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கோபமா, சந்தேகமா, பெருந்தன்மையா என்று ஒன்றும் விளங்காமல் பாலுசாமி மாலையோடு கார் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக்காரர் அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அன்று மதியமே கல்லூரிக்கு ஓடினார்.

"சார், ஆவணியில நிச்சயமுங்க. அதுக்குள்ள இன்னொருக்கா யாராச்சும் பாத்துட்டா என்ற பொண்ணு வாழ்க்கையே போயிருமுங்க. ஜனவரி வரைக்கும் பையனை எங்கயாச்சும் வைக்கோணும்."

பெனடிக்ட் பேனா மூடியைத் திருகிக்கொண்டே யோசித்தார்.

"சென்னிமலை அடிவாரத்துல ஒரு லாட்ஜ் இருக்குதுங்க. கோயமுத்தூர்க்காரங்க, பொள்ளாச்சிக்காரங்க யாரும் அந்தப் பக்கம் தங்க வரமாட்டாங்க. நானே மேனேஜருக்கு ஒரு போன் போட்டுடறேன். பாடப் புத்தகத்தையும் அங்கயே அனுப்பி வைக்கறனுங்க."

இவ்வளவு நாளில் அவர் சொன்னதில் பாலுசாமிக்கு முழுதாகப் புரிந்தது இந்த ஒன்றுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

மறுநாள் காலை ஐயாசாமியின் காரில், ஜன்னலுக்குத் துண்டு கட்டி, தீபக்கையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு சென்னிமலைக்குப் போனார். வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார். பொய் சொல்வதில் இப்போது அவருக்குக் கொஞ்சம் தொழில் படிந்திருந்தது.

லாட்ஜ் மேனேஜர் மாசாணம் வயதானவர். மேஜைக்குப் பின்னால் பூப்போட்ட சென்னிமலைப் பெட்ஷீட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பையன் பேரு பழனிசாமிங்க," என்று ஆரம்பித்தார் பாலுசாமி. "தாராபுரத்துல இருந்து வாரோம். முருகனுக்கு ஒரு வேண்டுதலுங்க. மொட்டை போட்டாச்சு. இனி ஜனவரி வரைக்கும் தெனமும் மலையேறிச் சாமி கும்பிடோணும். அதான் மாச வாடகைக்கு ஒரு ரூம்பு..."

மாசாணம் குறுக்கிடாமல் கடைசி வரை கேட்டார். தீபக்கின் மொட்டையைப் பார்த்தார். இரண்டு பெட்டிகளைப் பார்த்தார். அடுக்கிலிருந்து ஒரு பெட்ஷீட்டை உருவி அவன் கையில் கொடுத்தார்.

"வேண்டுதலெல்லாம் எதுக்குங்க, பெனடிக்ட் சார் அனுப்புன அமெரிக்காதானுங்களே? மாடிக்குப் போகச் சொல்லுங்க, பொள்ளாச்சி கதிர்வேல் ஐயா பையன் மருதாசலம் ரெண்டு வருசமா அங்கதான் இருக்கறாரு, எல்லாம் அவரு சொல்லிக் குடுத்துருவாருங்க."