முன்னறையில் ஆர்மோனியம்

என் ஆர்மோனியம் இந்த மாதத்துக்குள் வீட்டின் முன்னறைக்கு வந்தே தீரும். இல்லையென்றால் நான் வீட்டை விட்டு வெளியேறுவேன். இப்படி ஒரு சபதம் எடுத்தேன். முதல் பாதியை உரக்கச் சொன்னேன். இரண்டாம் பாதியை மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அது என் பெண்டாட்டி றம்ஸியாவின் காதில் விழுந்தால் அவளே என் சாரன்களை மடித்துக் கொடுத்துவிடுவாள்.

கல்முனைப் பக்கத்தில் ஆணுக்கு வீடு கிடையாது. பிறந்தால் உம்மாவின் வீடு. முடித்தால் பெண்டாட்டியின் சீதன வீடு. மௌத்தானால் மையவாடிக் குழி. மூன்று இடத்திலும் கழுவித் துடைத்துத்தான் உள்ளே விடுவார்கள். ஆகவே, பகலெல்லாம் பசாரில் புடவைக்கடை நடத்தும் நான், என் சொந்த ஆர்மோனியத்தை வைக்க, றம்ஸியாவிடம் மனுப் போடவேண்டி இருந்தது.

"பெட்டி முன்னறைக்கு வரட்டும், றம்ஸியா."

"ஏன், விறகு அடுக்கிற மாலுக்குள்ள அதுக்கு என்ன குறை?"

"கறையான் அரிக்கி."

"அரிக்கட்டும். அதுவாவது பசியாறட்டும்."

"கலை வளர வேணாமா?"

"வளரட்டும். வீட்டுக்கு வெளிய வளரட்டும். நீங்க பெட்டியத் திறந்தா கோழி முட்டையில இரிந்து எழும்பி ஓடுது."

கலையைக் கோழியிடம் ஒப்படைக்க நான் தயாரில்லை. எனக்கு ஒரு துருப்புச்சீட்டுக் கிடைத்திருந்தது. இசைமாமணி மீராசா என்றால் இந்தக் கரையில் தெரியாத ஆள் இல்லை. நோன்பு காலத்தில் அவர் இசையமைத்த பாட்டு வானொலியில் போனால், கஞ்சி பொங்கி வழிவதுகூட றம்ஸியாவுக்குத் தெரியாது. அவர் மௌத்தான பிறகு, நிந்தவூரில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டை வாசிகசாலைப் பொடியன்கள் அவருடைய சாமான்களைப் பார்வைக்கு வைத்து நூதனசாலை ஆக்கிவிட்டார்கள். படம் பேப்பரில் வந்திருந்தது. படத்தின் நட்டநடுவே, முன்னறையில், மேசைமேல், அவருடைய ஆர்மோனியம்!

பேப்பரைக் கடை மேசை லாச்சிக்குள் ஒளித்துவைத்தேன். நிந்தவூரில் பெரிய நூதனசாலை ஒன்று திறந்திருக்கிறார்களாம், ஒருநாள் போகவேண்டும் என்று வீட்டில் அவ்வப்போது சொல்லிவந்தேன். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் வலையை விரித்தேன்.

"றம்ஸியா, நமக்குள்ள ஒரு தீர்ப்பு. மீராசா காக்கா சின்ன வயசுல பெட்டிய எங்க வைச்சு வாசிச்சாரோ, அங்க வைச்சு நானும் வாசிப்பன். நீ மறிக்கப்படா."

நான் எதிர்பார்த்தது சண்டை. அவளோ மீன் முள்ளை எடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"வேற இடத்துல வைச்சி வாசிக்கமாட்டீங்களா?"

"மாட்டன்."

"வார்த்தை மாறப்படா."

"ஆம்பிள வார்த்தை!"

"அதான் பயமா இரிக்கி" என்றாள். எனக்குச் சோறு இனித்தது.

கடை பூட்டிய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் பஸ் ஏறினோம். காரைதீவு தாண்டும்போது முன்னறையில் பெட்டியை எந்த ஜன்னலுக்குக் கீழே வைப்பது என்று முடிவுசெய்துவிட்டேன். நிந்தவூரில் இறங்கும்போது, நான் மௌத்தான பிறகு எங்கள் வீடும் நூதனசாலை ஆகும், அதில் என் செருப்பை எங்கே வைப்பார்கள் என்பதுவரை போய்விட்டேன்.

நூதனசாலைக்குள் மீன் பொரிக்கும் வாசம் அடித்தது. மீராசாவின் கூடப்பிறந்த றபீக்கா ராத்தா இன்னும் அந்த வீட்டின் பின்பக்கத்தில்தான் இருக்கிறா. முன்னறையில் மீராசாவின் தொப்பி, கண்ணாடி, குடை. நடுவில் வெல்வெட் துணிமேல் ஆர்மோனியம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? முன்னறை! மேசை! வெல்வெட்டு!"

"பாத்தன்."

"நமக்கு வெல்வெட்டு வேணாம். கடையில சீத்தைத் துண்டு கிடக்கு. அது காணும்."

அகப்பையோடு வந்து நின்ற றபீக்கா ராத்தாவின் பக்கம் றம்ஸியா திரும்பினாள்.

"ராத்தா, அவரு இந்தப் பெட்டிய எங்க வைச்சி வாசிச்ச? இவருக்கும் ஒருக்காச் சொல்லுங்களன்."

"எங்கயா? வயல்ல காவலுக்குக் கட்டின வாடிக்குள்ளதான்."

"வாடிக்குள்ளயா?" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"ஓம் தம்பி. இது எனக்குச் சீதனத்துக்கெண்டு கட்டின வீடெல்லா? மாப்பிள பேசி வாறாக்கள் முதல்ல வீட்டத்தான் பாப்பாங்க. முன்னறைக்குள்ள இவன் பெட்டிய அழவைச்சிட்டு இரிந்தா எந்த மாப்பிள வருவான்? ரெண்டு சம்பந்தம் வாசலோட திரும்பிட்டு. உம்மா இவனையும் பெட்டியையும் மாட்டுக் கரத்தையில ஏத்தி வயலுக்கு அனுப்பிட்டா. வாசிச்ச மாதிரியும் ஆச்சி, வெள்ளாமைக்குக் காவலும் ஆச்சி. இந்த மேசைக்குப் போன மாசந்தான் பொடியன்கள் கொண்டுவந்து வைச்ச."

நான் கடைசி முயற்சி செய்தேன்.

"அது இளந்தாரிக் காலம். முடிச்ச புறகு?"

"முடிச்ச புறகு பொஞ்சாதிர வீட்டுக்குப் பொயித்தான்."

"அங்க முன்னறை இரிந்திச்சா?"

"இரிந்திச்சி. வயலும் இரிந்திச்சி."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ராத்தா பின்னால் ஓடிவந்தா.

"புள்ள றம்ஸியா! போன கிழம வந்த நேரம் உண்ட குடைய விட்டுட்டுப் பொயித்தாய். இந்தா."

நான் குடையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் குடைதான். பிறகு றம்ஸியாவைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"நீ முந்தியே இஞ்ச வந்தயா?"

"நீங்க நூதனசாலை நூதனசாலை எண்டு கதைக்கக்குள்ள எனக்கும் பாக்க ஆசை வந்திச்சி. வாங்க, பஸ் வருது."

பஸ்ஸில் அவள்தான் பேசினாள். இறக்காமத்தில் அவளுடைய சீதனக் காணியில் கதிர் முற்றிவிட்டதாம். யானை இறங்குதாம். காவலுக்கு ஆள் கிடைக்கவில்லையாம்.

"கடை?" என்றேன்.

"என்ட தம்பி பாப்பான். சொல்லிட்டன்."

சனிக்கிழமை நானும் ஆர்மோனியமும் நெல் ஏற்றும் டிரக்டரில் இறக்காமம் போனோம். கோபம் வந்தது. ஆனால் நான் விடவில்லை. மீராசா வாடியில் இருந்துதானே மாமணி ஆனார்? காவல் பரணில் ஏறினேன். பெட்டியைத் திறந்தேன். தொண்டை கட்டும்வரை வாசித்துப் பாடினேன். வீட்டில் ஒருநாளும் கிடைக்காத சுகம் அது. கோழி இல்லை, றம்ஸியா இல்லை. நாலைந்து நாளில் கை நன்றாக ஓடத் தொடங்கியது.

ஒரு காலை, பக்கத்து வயல்காரர் அப்துல் ஹமீட் காக்கா பரணுக்குக் கீழே வந்து நின்றார். முகத்தில் ஒரு மரியாதை. என்னைத் தேடி வந்த முதல் ரசிகர்! அவசரமாகத் தொப்பியைச் சரிசெய்தேன்.

"தம்பி, நாலஞ்சு ராவா முழுக்கக் கேட்டன்."

"பிடிச்சிச்சா காக்கா?"

"எனக்கு என்ன தெரியும், மனே? யானைக்கு அறவே பிடிக்கல்ல. கூட்டமா வந்து, ரெண்டாம் பாட்டோட திரும்பி எங்கட வயலுக்குள்ள பூந்திட்டு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நீங்க ஒண்டும் செய்யவேணாம். நேத்து வீட்ட போய் றம்ஸியா தங்கச்சிக்கிட்டக் கேட்டுட்டன்" என்றார் காக்கா. "உங்கட காணி வெட்டி முடிஞ்ச உடன எங்கட காணிக்கு உங்கள அனுப்புறாவாம்."

மம்பட்டி இரவல் கிடைத்தவர்போல் அவர் திருப்தியாக நடந்து போனார்.