தராசு மாப்பிள்ளையும் இரண்டு கேமராவும்

கேமரா வாங்குகிறவர்கள் ஒரு வகை, வாங்காதவர்கள் ஒரு வகை என்றுதான் நீங்கள் இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வகை உண்டு. வாங்கப்போகிறவர். போன வருஷமும் வாங்கப்போனார், இன்றைக்கும் வாங்கப்போகிறார், வருகிற வருஷமும் வாங்கப்போய்க்கொண்டே இருப்பார். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். இல்லை என்று தலையாட்டாதீர்கள், நன்றாகத் தேடிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இருப்பவர் என் கடைசித் தங்கையின் மருமகன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. குணத்தில் தங்கம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, யாரும் கூப்பிடுவதில்லை. தராசு மாப்பிள்ளை என்றால்தான் எங்கள் குடும்பத்தில் தெரியும்.

இந்த வகையை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். முதலில் பையை வாங்கியிருப்பார். கறுப்புப் பை, உள்ளே மெத்தை வைத்து அறை அறையாகத் தைத்தது. அதற்கப்புறம் லென்ஸ் துடைக்க மெல்லிய துணி, தூசி ஊத ஒரு ரப்பர் பந்து, தோளில் மாட்டப் பட்டை, மூன்று காலையும் இழுத்து விட்டால் ஆள் உயரத்துக்கு நிற்கிற ஸ்டாண்டு, இத்தனையும் வந்து சேர்ந்திருக்கும். கேமரா மட்டும் வந்திருக்காது. அதற்கென்ன அவசரம்? என் தங்கை மகள் ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பையில் ஸ்வெட்டர் பின்னுகிற நூல்கண்டுகளை அடுக்கிவிட்டாள். அறை அறையாக இருப்பதால் நிறம் பிரித்து வைக்க வசதி என்கிறாள்.

அடுத்தது நோட்டு. பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு. கோட்டுக்கு இடது பக்கம் 'சின்னது', வலது பக்கம் 'பெரியது'. சின்னது என்றால் புதிதாகப் படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்குச் செய்தது. கையில் எடுத்தால் பூனைக்குட்டி கனம், பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். பெரியது கைதேர்ந்தவர்களுக்கு. செங்கல் கனம், உடம்பெல்லாம் பொத்தான், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாதாம். தராசு மாப்பிள்ளை தூறல் விழுந்தால் ஜன்னல் பக்கம்கூடப் போகாதவர். ஆனாலும் 'மழை' என்று எழுதி, பெரியதுக்கு ஒரு டிக் போட்டிருக்கிறார். 'கனம்' என்று எழுதி, சின்னதுக்கு ஒரு டிக். சனிக்கிழமை தோறும் கேமராக் கடைக்குப் போய்வந்து டிக்குகளைக் கூட்டுவார். சமமாக வரும். வராவிட்டால் புதிதாக ஒரு வரி கண்டுபிடித்துச் சமமாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

நான் ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"ஏதாவது ஒண்ணை வாங்கிட வேண்டியதுதானே மாப்பிள்ளை?"

"வாங்கிடலாம் மாமா. சின்னதை வாங்கினா ரெண்டே வருஷத்துல நான் அதைத் தாண்டிப் போயிடுவேன். அப்புறம் பெரியதுதானே வேணும்?"

"அப்ப பெரியதையே வாங்குங்க."

"அதுக்கு நான் இன்னும் லாயக்கு ஆகலையே மாமா."

இதற்கு நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? நான் காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

இன்னொரு அடையாளம். இவரிடம் எந்தப் படத்தைக் காட்டினாலும், படத்தில் இருக்கிறவர்கள் இவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். பிறந்து மூன்று நாளான பேரனின் படத்தை நீட்டி, "மூக்கு அப்படியே எங்க வீட்டு மூக்கு, பாத்தீங்களா?" என்று என் தம்பி பூரித்துப்போய்க் கேட்டபோது, மாப்பிள்ளை படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரத்துல இருட்டு விழுந்திருக்கே, என்ன லென்ஸ்?" என்றார்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. என் அக்காவின் படம் விஷயத்தில்தான் வினை வந்தது.

நாங்கள் ஐந்து பேர். பெரியண்ணன், அக்கா, நான், தம்பி, கடைசித் தங்கை. ஐந்து பேரும் சேர்ந்து இருக்கிற படம் ஒன்றுகூட இந்த உலகத்தில் கிடையாது. அக்கா கல்யாணத்தில் படம் எடுக்கிற நேரம் பார்த்துத் தங்கை தூங்கிப்போனாள், அப்போது அவளுக்கு ஐந்து வயசு. என் கல்யாணத்தில் தம்பியைப் பின் வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு அவன் மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் கல்யாணத்தில் பதிலுக்கு நான் மாடியில் உட்கார்ந்தேன். தங்கை கல்யாணத்தில் ஒருவழியாக ஐந்து பேரும் ஒழுங்காக நின்றோம். படம் எடுத்தவர் பெரியண்ணன் தலையை வெட்டிவிட்டார். அந்தப் படத்தில் அண்ணன் கழுத்து வரைக்கும் இருக்கிறார். சட்டையை வைத்துத்தான் ஆளைச் சொல்ல வேண்டும்.

அந்தப் பெரியண்ணனுக்கு இப்போது எண்பத்திரண்டு. வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார். போன வருஷம் பன்னிரண்டு நாள் வந்திருந்தார். இந்தப் பயணத்தோடு சரி, இனி விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அவர் மகன் போனில் என்னிடம் சொன்னான். நான் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. அக்கா மட்டும் வாய் திறந்தாள்.

"அண்ணன் கிளம்பறதுக்குள்ள ஒரே ஒரு படம். அஞ்சு பேரும் இருக்கணும், அஞ்சு மூஞ்சியும் தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"விடுங்க பெரியம்மா, என் பொறுப்பு," என்றார் தராசு மாப்பிள்ளை.

கேமராக் கடைக்காரருக்கு இவரோடு ஆறு வருஷப் பழக்கம். ஒரு நாளைக்குப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று இவர் கேட்க, இத்தோடாவது முடிவு வரட்டும் என்று அந்த மனிதர் இரண்டையுமே தூக்கிக் கொடுத்துவிட்டார். அண்ணன் கிளம்புகிற அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வந்து இறங்கினார். இடது தோளில் சின்னது, வலது தோளில் பெரியது. இரண்டு பக்கமும் சரிசமமாகத் தொங்கின. அப்படி ஒரு நிறைவை அந்த முகத்தில் அவர் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

டாக்சி மூன்றரைக்கு. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எதிர்வீட்டுச் செங்கல் சுவரை எடுத்தார், இரண்டிலும். பன்னிரண்டுக்குமேல் மாடிப்படிக்கு அடியில் குனிந்து, இருட்டில் கிடந்த செருப்புகளை எடுத்தார், அதையும் இரண்டிலும். ஒரு பழைய செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, எழுத்துகள் எதில் கூர்மையாக விழுகின்றன என்று பார்த்தார். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு பத்து மணியிலிருந்து நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்தால் புடவை கசங்கிவிடுமாம்.

இரண்டரைக்கு எங்களை வாசலுக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

"அப்படி இல்ல மாமா. ஒருத்தர் பின்னால ஒருத்தர். நடுவுல ஒரு மீட்டர்."

"எதுக்கு?" என்றாள் அக்கா.

"எது எவ்வளவு தூரம் வரைக்கும் தெளிவா பிடிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும் பெரியம்மா. சோதனையும் ஆச்சு, உங்க படமும் ஆச்சு."

டேப் வைத்து அளந்தார். முன்னால் நாற்காலியில் பெரியண்ணன். ஒரு மீட்டர் தள்ளி, கொஞ்சம் வலது பக்கமாக அக்கா. அப்புறம் இடது பக்கமாக நான். அப்புறம் தங்கை. உயரமானவன் என்பதால் தம்பி கடைசியில், கேட்டை ஒட்டி.

"இந்தத் தடவையும் நான் பின்னாலதானா?" என்றான் தம்பி.

"டேய், இன்னைக்காவது மாடிக்குப் போகாம நில்லுடா," என்றார் பெரியண்ணன், திரும்பிப் பார்க்காமலே. எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை சின்னதில் ஒரு தட்டு தட்டினார். உடனே பெரியதை எடுத்து அதில் ஒரு தட்டு. இரண்டையும் பார்த்தார். சின்னதின் வாயை மூடிப் பையில் போட்டார். பெரியதை எடுத்துக்கொண்டு ஓடி வந்து அக்காவிடம் காட்டினார்.

பெரியண்ணன் இருந்தார். புருவத்து முடியை எண்ணலாம். அவருக்குப் பின்னால் நான்கு மேகம்.

"இது யாரு, புகை மாதிரி?"

"அது நீங்கதான் பெரியம்மா."

"என் மூஞ்சி எங்க?"

"கரைஞ்சிருக்கு. பெரியதோட அழகே அதுதான். பின்னணி எல்லாம் அப்படியே வெண்ணெய் மாதிரி உருகிடும்."

"எழுபத்தெட்டு வயசுல நான் பின்னணியா?"

நானும் எட்டிப் பார்த்தேன். தம்பியும் கேட்டும் ஒன்றாகிப்போயிருந்தார்கள்.

"அந்தச் சின்னதுல எப்படி வந்திருக்கு?" என்றாள் அக்கா.

"அது தேறாது. எல்லாமே தெளிவா விழுந்திருக்கு," என்று அலுத்துக்கொண்டார். "இருங்க, இதுலயே சரி பண்றேன்."

பண்ணினார். ஒரு படத்தில் அக்காவுக்கு முகம் வந்தது, அண்ணனுக்குப் போய்விட்டது. அடுத்ததில் எனக்கு வந்தது, அக்காவுக்குப் போனது. ஆளுக்கு ஒரு முறை முகம் கிடைத்தது, ஆனால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். டாக்சி வந்துவிட்டது. பெரியண்ணன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "படம் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டார். "வந்திருக்குண்ணே," என்றாள். டாக்சி தெருமுனையில் திரும்பும் வரை நின்றாள். அவள் திரும்பியபோது மாப்பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 'பின்னணி.' பெரியதுக்கு ஒரு டிக்.

மறுநாள் காலையில் கேமரா இரண்டும், உள்ளே படங்கள் பதிந்திருந்த கார்டோடு, கடைக்குத் திரும்பிப் போய்விட்டன. அக்கா மூன்று வாரம் மாப்பிள்ளையோடு பேசவில்லை. அது அவருக்குத் தெரியவும் இல்லை, அவர் நோட்டில் 'லென்ஸ்' என்கிற வரிக்கு வந்திருந்தார். நாலாவது சனிக்கிழமை அக்கா என்னிடம் சொன்னாள். "வாடா, அந்தக் கடைக்குப் போவோம். தேறாத படம் அங்கதானே இருக்கும்."

போனோம். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் எதிர்ச் சுவரில் நாங்கள் இருந்தோம். பாதி ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார் கடைக்காரர். கீழே ஓர் அட்டையில், 'புதியவர்களுக்கான கேமராவில் எடுத்தது.' முன்னால் பெரியண்ணன் வாய்விட்டுச் சிரிக்கிறார். அக்கா முந்தானையால் வாயை மூடப் போனவள் பாதியில் நிற்கிறாள். எனக்கு இல்லாத பல் இல்லாததாகவே தெரிகிறது. தங்கை சிரித்துக்கொண்டே தம்பியைத் திரும்பிப் பார்க்கிறாள், தம்பி யாரும் தன்னை மறைத்துவிடக்கூடாது என்று கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறான். கேட்டில் இருக்கிற துரு வரைக்கும் தெளிவு.

அக்கா நின்றுவிட்டாள். அவளுக்கு முன்னால் தராசு மாப்பிள்ளை, சனிக்கிழமை இல்லையா, யாரோ ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு அதே படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"சின்னதோட குறை இதுதான் சார். எதையும் கரைக்காது. கடைசியில நிக்கிற கிழவரைப் பாருங்க, சட்டைப் பொத்தான் வரைக்கும் தெரியுது."

"மாப்பிள்ளை," என்றாள் அக்கா, "அந்தக் கிழவர் உங்க மாமனாருக்கு மச்சான்."

மாப்பிள்ளை திரும்பினார். படத்தைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் படத்தில் இருக்கிறவர்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெரிய மாமா அன்னைக்குச் சிரிச்சாரா?" என்றார் மெதுவாக.

கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தார். இதைப் பார்த்தே நாலு பேர் சின்னதை வாங்கிக்கொண்டு போனார்களாம். அவள் அதை யாரிடமும் கொடுக்காமல் தானே சுமந்து வந்தாள். பிரதி ஒன்று பெரியண்ணனுக்குப் போனது. போன் வந்தது. "தம்பி முகமும் தெரியுது, இனிமே அவன் மாடிக்குப் போக வேண்டாம்," என்றார்.

மாப்பிள்ளை திருந்தினாரா என்கிறீர்களா? அன்றைக்கே நோட்டைத் திறந்து, 'பின்னணி'க்கு நேராகப் பெரியதின் டிக்கை அடித்துவிட்டு, சின்னதுக்கு ஒன்று போட்டார். நான் பார்த்தேன். பிறகு கூட்டிப் பார்த்தார், சின்னதின் பக்கம் சாய்ந்திருந்தது. கொஞ்சநேரம் பேனாவைக் கடித்தார். கீழே புதிதாக ஒரு வரி எழுத ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். அக்காவுக்குப் படம் கிடைத்தது, ஐந்து பேருக்கும் முகம் கிடைத்தது. ஆனால் இதையெல்லாம் படித்த பிறகும், "அது சரி, ரெண்டுல எதுதான் நல்லது, சின்னதா, பெரியதா?" என்று உங்கள் மனசுக்குள் ஒரு கேள்வி எட்டிப் பார்க்கிறதா? பார்க்கிறது என்றால், எதற்கும் எழுந்து போய் உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டைப் பாருங்கள். கறுப்பாக, அறை அறையாகத் தைத்த பை ஒன்று இருக்கும். நூல்கண்டு வைக்க ரொம்ப வசதி.