கால் முளைத்த எல்லைக்கல்

தையல்காரர் வீட்டுக் கொல்லையில், புல்லுக்குள் நான்கு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை. கழுத்தில் அளவு நாடா, காதில் சாக்குக்கட்டி, முழங்கால் இரண்டிலும் சேறு.

"என்னத்தைத் தொலைச்சீங்க?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் தொலைக்கல. வேலி போடப் போறேன்."

"வேலியைப் புல்லுக்குள்ளயா தேடுறீங்க?"

எல்லைக்கல்லைத் தேடுகிறேன் என்று சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். அதனால் அவர் கல்லைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"இப்ப எதுக்குங்க வேலி? இருக்கிறது நல்லாத்தானே இருக்கு."

"என்ன நல்லா இருக்கு? காலைல எழுந்தா அந்த ஆள் மூஞ்சியில முழிக்க வேண்டியிருக்கு."

அந்த ஆள் என்பது பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டர். ஒரு காலத்தில் இருவரும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். மாலையானால் இரண்டு கொல்லைக்கும் நடுவில் நிற்கும் மாமரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தபடி ஊரில் உள்ள எல்லோரையும் பற்றிப் பேசுவார்கள். அந்த நட்பு ஒரு கால்சட்டையில் கிழிந்தது. பள்ளி விளையாட்டு விழாவுக்கென்று தையல்காரர் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கால்சட்டை அது. ஆள் கச்சிதமாகத் தெரியட்டும் என்று ஆசையாக இறுக்கிப் பிடித்துத் தைத்திருந்தார். மொத்தப் பள்ளிக்கூடமும் பார்த்துக்கொண்டிருக்க, டிரில் மாஸ்டர் குனிந்து கால் விரலைத் தொட்டார். பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை விட்டுப்போயிற்று.

பின்னால் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியவர் கொல்லையில் நின்று கத்தினார். தையல்காரராவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "தப்பு துணி மேல இல்ல, உடம்பு மேல" என்று சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. அந்த வீட்டோடு எந்த ஒட்டும் உறவும் கூடாது என்று இருவரும் தத்தம் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மனைவிகளும் "சரிங்க" என்றார்கள்.

அதிலிருந்து தையல்காரர் எதைத் தைத்தாலும் இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டே வெட்டினார். அவரிடம் சட்டை தைத்தவர்கள் சட்டைக்குள் குடியிருந்தார்கள். டிரில் மாஸ்டரோ தினமும் விடியற்காலையில் வாயில் விசிலோடு மாமரத்தடிக்கு வந்து, தையல்காரரின் படுக்கையறை ஜன்னலுக்கு நேராகத் திரும்பி நின்று, குனிந்து குனிந்து கால் விரலைத் தொட்டார். ஒவ்வொரு தொடலும் தனக்கென்றே தொடப்படுகிறது என்பது தையல்காரருக்குத் தெரியும். ஆளுயர வேலி ஒன்று வந்தால்தான் நிம்மதி.

இருட்டுவதற்குள் கல் அகப்பட்டது. தலையில் அம்புக்குறி செதுக்கிய சதுரக் கல், மாமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அப்படியானால் மரமே நம்முடையதா என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்லைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் பொடி தூவி அடையாளம் வைத்துவிட்டு, அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை மாலை கடையிலிருந்து வந்து பார்த்தால் கல் அங்கே இல்லை. அவருடைய துணிக்கொடிக்குக் கீழே, அவர் வீட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தது. மரம் முழுசாக எதிரி பக்கம் போய்விட்டது.

"பாவி மனுஷன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சுத் திணறத் திணற அதைப் பழைய இடத்துக்கே உருட்டிக்கொண்டு போனார். கை சும்மா இருக்குமா? இரண்டு விரற்கடை கூடுதலாகவே தள்ளி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை விசில் நடுவில் நின்றது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், டிரில் மாஸ்டர் இடுப்பில் கை வைத்தபடி கல்லையே முறைத்துக்கொண்டிருந்தார். தையல்காரரும் வெளியே வந்தார். பேச்சுவார்த்தை இல்லாத காரணத்தால் இருவரும் மரத்தோடு பேச வேண்டியதாயிற்று.

"மரமே," என்றார் டிரில் மாஸ்டர். "சில பேருக்குத் துணி திருடிப் பழக்கம். இப்ப நிலத்துலயும் கை வைக்கிறாங்க."

"மரமே," என்றார் தையல்காரர். "கல்லைத் தூக்கி என் கொடிக்குக் கீழ வெச்சது யாருன்னு நீயே சொல்லு. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த."

"நானா தூக்கினேன்? மரமே, எனக்கு முதுகுப் பிடிப்பு. ஒரு செம்பைக்கூடத் தூக்க முடியல."

"கால் விரலைத் தொட மட்டும் முதுகு வளையுதாக்கும்."

மரத்துக்கு வாய் இருந்திருந்தால் இரண்டு பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கும்.

அன்று மாலை கல் மறுபடி துணிக்கொடிக்கு வந்திருந்தது. இனி விடக்கூடாது, இருட்டிலும் கண்ணில் படுகிற மாதிரி செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, புதன்கிழமை கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் கல்லை மரத்தடிக்குத் தள்ளி, தலை முழுக்க வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்ததும் மனைவி எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு நின்றாள்.

"பெயிண்ட் அடிச்சா அடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? புடவை பாழாப் போச்சு."

திரும்பிக் காட்டினாள். பின்புறம் பெரிதாக ஒரு வெள்ளைச் சதுரம்.

"பிரஷ்ஷைக் கொல்லைப் படியில வெச்சேன். பாத்து உக்கார வேண்டாமா?"

அவள் புடவைப் பேச்சை அதோடு விட்டாள். பிறகு, "பாவம், அவருக்கு முதுகுப் பிடிப்பு ரொம்ப அதிகமாம். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லையாம்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"விசில் சத்தத்துல சுருதி இறங்கியிருக்கே."

தையல்காரருக்கு உள்ளுக்குள் ஏதோ இளகியது. சூடாக ஒத்தடம் கொடுத்தால் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். முன்பெல்லாம் அவரேதான் போய்க் கொடுப்பார். அந்த நினைப்பு வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. எழுந்து கொல்லைக்குப் போனார். கல், வெள்ளைத் தலையோடு, கொடிக்குக் கீழே பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

இனிக் கல்லை நம்பிப் பயனில்லை என்று வியாழக்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு அவரே நிலத்தை அளந்தார். பத்திரத்தில் உள்ள அகலத்தைத் தையல் நாடாவால் அளந்தால் என்ன ஆகும்? நாடா முடிகிற ஒவ்வொரு இடத்திலும் பழக்க தோஷத்தில் இரண்டு விரற்கடை சேர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் எல்லைக்கோடு டிரில் மாஸ்டரின் குளியலறைக்குள் நுழைந்து வாளியின் மேல் நின்றது. வாளிக்குப் பக்கத்தில் டிரில் மாஸ்டர் தலையில் சோப்பு நுரையோடு நின்றார்.

நுரை காய்வதற்குள் அவரும் தன் பக்கத்திலிருந்து அளக்கக் கிளம்பினார். நாடா எதற்கு, கால் இருக்கிறதே என்று, "லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட்" என்று அணிவகுப்பு நடையில் வந்தார். முதுகுப் பிடிப்பு இருந்தும் எட்டு எல்லாம் நீள எட்டு. பத்திரத்தில் உள்ள ஒவ்வொரு அடிக்கும் ஒரு எட்டாக நடந்து முடித்து "ஹால்ட்" என்று நின்றபோது, அவர் தையல்காரரின் சமையலறை அடுப்புக்கு முன்னால் இருந்தார்.

"அடுப்பு என்னுது" என்று அறிவித்தார். பக்கத்தில் மரம் இல்லாததால் அதை அடுப்பிடமே சொல்ல வேண்டியிருந்தது.

"அப்படின்னா குளியலறை என்னுது" என்று தையல்காரரும் அடுப்பிடம் சொன்னார்.

"சண்டை போடாம ஒரு சர்வேயரைக் கூப்பிடுங்களேன்" என்றாள் தையல்காரர் மனைவி. அது மட்டும் இருவர் காதிலும் விழுந்தது.

சனிக்கிழமை மதியம் சர்வேயர் வந்தார். அரசாங்க வேலையில் தலை நரைத்த, எதற்கும் ஆச்சரியப்படாத மனிதர். இரண்டு வீட்டுப் பெண்களும் கடைக்குப் போயிருந்தார்கள், தனித்தனியாக, ஒரே நேரத்தில். சர்வேயர் தெருமுனைக் கம்பத்திலிருந்து சங்கிலி பிடித்து அளந்துகொண்டே வந்து, வெள்ளைக் கல்லைப் பார்த்ததும் நின்றார்.

"இதை யார் பிடுங்கினது? கழுத்து வரைக்கும் மண்ணுல புதைஞ்சிருக்க வேண்டிய கல்லு."

"சத்தியமா நான் தொடல" என்றார் டிரில் மாஸ்டர்.

"நான் தொட்டேன். ஆனா அது நகர்ந்ததுக்கு அப்புறம்தான் தொட்டேன்" என்றார் தையல்காரர்.

"பின்ன, கல்லுக்குக் காலா முளைச்சுது?" சர்வேயர் குனிந்து கல்லின் தலையைத் தடவிப் பார்த்தார். "அம்புக்குறி பாதி தேஞ்சு போயிருக்கு. இவ்வளவு வழவழப்பா ஒரு எல்லைக்கல்லை நான் பாத்ததே இல்ல."

உண்மையான கோடு மாமரத்தின் நட்டநடுவில் போயிற்று. பாதி மரம் இவருக்கு, பாதி மரம் அவருக்கு. கோடு முடியும் இடம் கொல்லையின் கடைக்கோடி, பொட்டு நிழல்கூட விழாத வெட்டவெளி. கல் நிற்க வேண்டியது அங்கேதான்.

இனி அது அசையவே கூடாது என்று இருவரும் கங்கணம் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் குழி தோண்ட, ஒருவர் சிமெண்டு குழைத்தார். கல்லை இறக்கும்போது டிரில் மாஸ்டர் முதுகைப் பிடித்துக்கொண்டு முனக, தையல்காரர் தன்னை மறந்து, "நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்று நேராகவே அவரிடம் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. டிரில் மாஸ்டர் மரத்தைத் தேடினார். அது தூரத்தில் இருந்தது. "சரி" என்று அவரும் நேராகவே முனகினார்.

வேலை முடிந்தது. திங்கட்கிழமை வேலி வந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் குனிந்த முதுகைப் பார்க்க முடியாது என்று நினைத்தபோது, தையல்காரருக்கு வரவேண்டிய சந்தோஷம் ஏனோ வரவில்லை.

அப்போது இரண்டு கொல்லைக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. கடைப் பைகளோடு இரண்டு பெண்களும் ஓடி வந்து சிமெண்டைப் பார்த்தார்கள். தையல்காரர் வீட்டின் திசையில்கூடத் திரும்பாதவள் என்று பேரெடுத்த டிரில் மாஸ்டரின் மனைவி, பையைக் கீழே போட்டுவிட்டு, தையல்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, நாம தினமும் நிழல் போற பக்கமெல்லாம் இழுத்துப் போட்டு உக்கார்ற கல்லை இப்படி வெயில்ல நட்டு வெச்சுட்டாங்களே, இனிமே மத்தியானம் நாம எங்கடி உக்காந்து பேசுறது?"