கடைசி வரிசையில் நின்ற கேக்கலை சார்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கூர்மையான காது யாருக்கு என்று போட்டி வைத்திருந்தால் எங்கள் கேக்கலை சாருக்குத்தான் முதல் பரிசு. ஆனால் பரிசை மேடையில் அறிவிக்கும்போது அவர் கடைசி வரிசையில் எழுந்து, கையைக் காதருகே குவித்து, "கேக்கலை" என்று சொல்லியிருப்பார்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். வேலை தற்காலிகம், நாடகப் பைத்தியம் மட்டும் நிரந்தரம். ஒத்திகை என்றால் மேடைப் பக்கமே வரமாட்டார். எல்லோருக்கும் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். "முன் வரிசைக்காரன் நாற்காலிக்காக வந்தவன்டா. கடைசியில நிக்கிறவன்தான் நாடகத்துக்காக வந்தவன். அவனுக்குச் சொல்லு" என்பார்.

இந்தக் கொள்கை பள்ளிக்கூடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கோயிலில் குருக்கள் அர்ச்சனை செய்தால் கொடிமரத்தடியிலிருந்து "கேக்கலை" என்பார். ஆட்சி மாறி, மூலைக்கு மூலை அடுக்குமொழி முழங்கிய காலம் அது. ஆளுங்கட்சிக் கூட்டம் ஒன்றில் பேச்சாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து இவர் "கேக்கலை" என்றார். எதிர்க்கட்சி ஆள் கலாட்டா செய்கிறான் என்று தொண்டர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சார் கொஞ்சமும் பதறவில்லை. "மைக்கை நம்பாதீங்க தம்பி, வயித்துலேர்ந்து பேசச் சொல்லுங்க" என்று அவர்களிடமே சொல்லி அனுப்பினார்.

அந்த வருஷம்தான் பள்ளிக்குப் புது ஆடிட்டோரியம் வந்தது. கட்டிக் கொடுத்தவர் எங்கள் தாளாளர். ஊரின் பெரிய மிராசுதார் அவர்தான். வெளியே நிலைமை சரியில்லை. அறுப்புக் கூலி தகராறில் வரப்புக்கு வரப்பு சிவப்புக் கொடி. விளைந்த நெல் வயலிலேயே சாய்ந்து கிடந்தது. தன் நல்ல மனசை ஊருக்குக் காட்ட இதுதான் சமயம் என்று தாளாளருக்குப் பட்டிருக்க வேண்டும். சாரைக் கூப்பிட்டார்.

"திறப்பு விழாவுக்கு நாடகம் போடுங்க. மிராசுதாரர்னா கெட்டவன்னு ஊரெல்லாம் பேசுறானுங்க. நல்ல மிராசுதாரா ஒருத்தரைக் காட்டுங்க. நாடகம் நல்லா வந்தா உங்க வேலையை நிரந்தரம் பண்ணிடறேன்."

"நல்லா வரும். கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்" என்றார் சார். வேலை நிரந்தரம் என்ற பகுதி அவர் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அவர் தங்கை கல்யாணத்துக்கு அந்த வேலையைத்தான் வீடே நம்பியிருந்தது.

புதுக் கட்டடத்தில் ஒரு வார்த்தை பேசினால் ஒரு குடும்பமே திருப்பிப் பேசியது. எதிரொலியை அடக்க சார் ரைஸ்மில்லிலிருந்து சாக்குகளை வாங்கிவந்து சுவரெல்லாம் தொங்கவிட்டார். எதிரொலி போய்த் தும்மல் வந்தது.

பிறகு ஆள் தேர்வு. சார் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து நிற்க, நாங்கள் ஒவ்வொருவராக மேடையேறிக் கத்தினோம். கதிரில் குருவி விரட்டியே வளர்ந்த மாரிமுத்துவின் குரலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. "இவன்தான் மிராசுதார்" என்றார் சார், திரும்பிப் பார்க்காமலே. தாளாளரின் ஒரே மகன் பாலுவுக்குக் குரலே கிடையாது. பக்கத்தில் இருப்பவனிடமே ரகசியம் போலப் பேசுவான். அவனுக்குப் பண்ணையாள் வேஷம். எனக்குக் கணக்குப்பிள்ளை. என் மொத்த வசனமும் "ஆமாங்க".

ஹெட்மாஸ்டர் ஓடிவந்தார். "சார், மாரிமுத்து தாளாளர் பண்ணையில வேலை செய்யிறவரோட மகன். தெரியுமா?"

"நல்ல வயிறு சார் அவனுக்கு" என்றார் சார்.

ஒத்திகை முழுக்க பாலுவோடுதான் மல்லுக்கட்டு. "ஐயா, உங்க நிழல்லதான் இருக்கோம்" என்பான் அவன். "கேக்கலை" என்பார் சார். சாயங்காலம் முழுக்க இதேதான். எரிந்து விழமாட்டார். "உன்கிட்ட குரல் இருக்குடா, எங்கயோ வச்சு மறந்துட்டே, தேடு" என்பார். வீட்டில் ஒரு வார்த்தைகூடப் பேசவிடாத பையனுக்கு அப்படி ஒருத்தர் காத்திருந்து கேட்டது புதுசு. பண்ணையாள் எஜமானைக் கண்டதும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். பாலுவுக்குக் கட்டத் தெரியவில்லை. மாரிமுத்துதான் கட்டிவிட்டான். "இப்படிக் கட்டிட்டுக் கொஞ்சம் குனி. எங்கப்பா அப்படித்தான் நிப்பாரு."

விழா நாள் வந்தது. முன் வரிசையில் தாளாளரும் உறவினர்களும். பின்னால் வேலை நிறுத்தத்திலிருந்த சனம் முழுக்க, நின்றபடி. அவர்களுக்கு நடுவில் கையைக் காதில் வைத்தபடி சார். திரை விலகியது. ஜரிகை வேட்டியில் மாரிமுத்து நாற்காலியில் சாய்ந்திருந்தான். எதிரே பாலு வந்து, துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, நன்றாகவே குனிந்தான்.

தாளாளர் எழுந்துவிட்டார். "டேய்! துண்டை எடுத்துத் தோள்ல போடுடா!"

பின்பக்கம் கைத்தட்டல் இடித்தது. ஒரு மிராசுதார் வாயிலிருந்து, பண்ணையாளைப் பார்த்து, இந்த வார்த்தை வந்து அவர்கள் கேட்டதே இல்லை.

அந்தக் கைத்தட்டலையும் மீறி சாரின் குரல் வந்தது. "தட்டுறவங்க நிறுத்துங்க, பையன் வசனம் கேக்கலை. ஐயா, உங்களுக்கு இந்த சீன்ல வசனம் இல்லைங்க. உக்காருங்க."

தாளாளர் உட்கார்ந்துவிட்டார். அதுதான் வினையாகிவிட்டது. கோபமாக வெளியே போயிருந்தால் கௌரவம் மிஞ்சியிருக்கும். உட்கார்ந்ததை ஊரே பார்த்துவிட்டது. மேடையில் நான் யாரும் கேட்காமலே "ஆமாங்க" என்றேன்.

மறுநாள் காலை சாருக்கு வேலை இல்லை. மத்தியானம் சங்கத்துக்காரர்கள் சிவப்புத் துண்டோடு அவர் அறைக்கு வந்தார்கள்.

"நான் புரட்சியெல்லாம் பண்ணலைங்க. நடுவுல பேசினாரு, பேசாதீங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான்" என்றார் சார்.

"அதைத்தானே நாங்களும் இத்தனை வருஷமா செய்யப் பாக்குறோம்" என்றார் சங்கத் தலைவர், சாருக்குத் துண்டைப் போர்த்திவிட்டபடி.

பூதலூர்ப் பக்கம் ஏதோ டுடோரியலில் வேலை கிடைத்து சார் பஸ் ஏறினார். வழியனுப்ப நானும் மாரிமுத்துவும் போயிருந்தோம். "அவர் யாருன்னு தெரிஞ்சுமா சார் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தெரியும்டா. ஆனா வசனம் இல்லையே."

பஸ் கிளம்பும்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மதகு ஓரத்தில் பாலு நின்றிருந்தான். சாரோடு பேசக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. கிட்டே வரப் பயந்து அங்கிருந்தே வாயைத் திறந்தான்.

"சார்! போயிட்டு வாங்க சார்!"

பஸ் இரைச்சலைத் தாண்டி, சாய்ந்து கிடந்த நெல்லைத் தாண்டி அந்தக் குரல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிய சார் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"கேக்குதுடா பாலு" என்றார். "நல்லா கேக்குது."

அந்த வார்த்தையை அவர் சொல்லி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். என் கண்ணில் நீர் வந்தது. மாரிமுத்து பார்த்துவிடுவானே என்று பஸ் கிளப்பிய புழுதியைத் திட்டினேன். அவனும் அதே புழுதியைத்தான் திட்டிக்கொண்டிருந்தான்.